எந்த ஊர்ச் சாமி? அருங்காட்சியகத்தில் டிசைன் பயிற்சிக்குப் போனவர்களின் அனுபவங்கள்

காட்சித் தொடர்பியல் மாணவி, சென்னை

இந்தக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு கலை அருங்காட்சியகத்தில் கிராஃபிக் டிசைன் இன்டர்ன்ஷிப் செய்தேன். போஸ்டர், இன்ஸ்டாகிராம் பதிவு என்று போகும் என நினைத்திருந்தேன். முதல் நாளே கையில் கொடுத்தது வெண்கலச் சிலைக் கூடத்தின் லேபிள்கள். 41 சிலை, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும்.

பழைய லேபிளில் ஆங்கிலம் தாராளமாக உட்கார்ந்திருக்கும். மிச்ச இடத்தில் தமிழை நெருக்கிப் போட்டிருப்பார்கள். தமிழுக்கு இடம் கூடுதலாக வேண்டும். 'நின்றுகொண்டிருக்கிறார்' என்ற ஒரே சொல் பாதி வரியைப் பிடித்துவிடும். 'கி'யின் வளைவு மேலே ஏறும், 'பூ'வின் கோடு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் இரண்டு வரியும் ஒன்றோடொன்று உரசும். அதனால் தமிழை முதலில் அமைத்தேன். 24 பாயின்ட் எழுத்து, 36 பாயின்ட் வரி இடைவெளி. ஆங்கிலம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது, ஒரு குறையும் இல்லை.

ஒரு தவறும் செய்தேன். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், வரிகளை அமைக்கும் பாராகிராஃப் கம்போசரை, இந்திய மொழிகளுக்கும் பொருந்தும் 'வேர்ல்டு ரெடி'க்கு மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காது, பின்னால் போய் நிற்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நேரத் திருத்தத்துக்குப் புதிதாக ஒரு பெட்டி போட்டபோது மாற்ற மறந்துவிட்டேன். 'செம்பு' என்ற சொல் உடைந்து, லேபிள் ஒட்டும் சன்போர்டு அட்டைகள் ஆறில் அச்சாகி வந்தது. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் ஏ4 தாளில் எடுத்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. மாதிரி லேபிள்களைத் தாளில் அச்சடித்து, மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் வெளியூர்ப் பாட்டி ஒருவர் பேரனோடு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். சிவன், உமை, குழந்தை முருகன் மூவரும் சேர்ந்திருக்கும் சோமாஸ்கந்தர் முன்னால் நின்று கும்பிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "கண்ணு, இது எந்த ஊர்ச் சாமி?" என்றார்.

அந்த லேபிளை டைப் அடித்ததே நான்தான். ஆனாலும் பதில் சொல்ல லேபிளில் தேட வேண்டியிருந்தது. பெயர், நூற்றாண்டு, உலோகம், உயரம் எல்லாம் மேலே இருந்தன. ஊர் கடைசி வரியில், பதிவு எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். "எங்க ஊருக்குப் பக்கந்தான்" என்று முகம் மலர்ந்தவர், "அப்போ அந்தக் கோயில்ல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இவை வீதி உலா போன மூர்த்திகள். பீடத்தைக் கவனித்தால், தண்டு கோத்துத் தூக்குவதற்கான வளையமோ துளையோ இருக்கும். ஆபத்துக் காலத்தில் மண்ணில் புதைத்துவைத்து, பல தலைமுறை கழித்து வயல் வேலையிலோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வெளிவந்தவை நிறைய. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் ஒப்படைக்கப்பட்டு, அப்படி அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தவை பல. இப்படி வந்த ஒரு சாமிக்கு ஊரைக் கடைசி வரியில் போடலாமா? பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் ஊரை வைத்துப் புது மாதிரி செய்தேன்.

காப்பாட்சியர் அம்மா உடனே சரி சொல்லவில்லை. "ஊர் தெரியாத சிலைகளும் இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவ?" என்றார். 'கிடைத்த ஊர் தெரியவில்லை' என்று அதே அளவில் எழுதலாம் என்றேன். மறுநாள் வந்து, "அப்படியே போடு" என்றார். 41-இல் 9 சிலைகளுக்கு அந்த வரிதான் இருக்கிறது.

நுண்கலை படித்தவர், கோவை

நான் பயிற்சிக்குப் போன இடத்தில் சிலை கிடையாது, சென்னை ஓவிய இயக்கத்தின் படங்கள். அந்த இயக்கத்தின் முன்னோடி ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அதற்குச் சில வருடம் முன்பே 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கிவிட்டார். ஜாதகக் கட்டம், கணக்கு மாதிரி குறிகள், மலையாள எழுத்தை ஒத்த கோடுகள் என்று படம் முழுக்க எழுதியது போலவே இருக்கும். படிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது.

படத்தின் விளிம்பை ஒட்டியே லேபிளை வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தபோது ஒரு பையன் படத்தையும் லேபிளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, அதுல இருக்குறதத்தான் இதுல எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் எழுத்து அவருடைய எழுத்துக்கு உரை மாதிரி பக்கத்தில் நின்றிருக்கிறது. போதாததற்கு, படத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கையெழுத்துச் சாயலில் ஒரு ஃபான்ட் வேறு.

அன்றே ஃபான்ட்டை மாற்றினேன். ஆணி அடிக்கும் அண்ணனிடம் சொல்லி லேபிளை ஒரு முழம் தள்ளி வைத்தோம். அடுத்த வாரம் வந்த பிள்ளைகள் அந்தப் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். லேபிள் பக்கம் யாரும் போகவில்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஃப்ரீலான்ஸ் டிசைனர், மதுரை

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேருவதற்கு முன்பே உதவித்தொகை உண்டா, வேலையை போர்ட்ஃபோலியோவில் போடலாமா, வேலை செய்தவர்கள் பட்டியலில் நம் பெயர் வருமா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு கண்காட்சிக் கையேடு முழுவதையும் நான் வடிவமைத்தேன், உள்ளே என் பெயர் இல்லை. இப்போதும் அந்தக் கையேட்டைப் பிரிக்கும்போது வலிக்கும். வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. சிலைப் படத்தை அச்சில் எப்படிக் கொண்டுவருவது என்று அங்கேதான் கற்றேன். திரையில் தகதகக்கும் வெண்கலம், சிஎம்ஒய்கே என்ற நாலு மை அச்சில் சேறு மாதிரி வரும். சிலைக்குப் பக்கத்திலேயே ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, வைத்துப் பார்த்து, கருப்பைக் குறைத்துக் குறைத்து நாலு தடவை எடுத்தோம்.

காட்சித் தொடர்பியல் மாணவி, சென்னை

மதுரைக்காரரே, நன்றி. என் பெயர் வருமா என்று நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பாட்டி கேட்டதை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். காப்பாட்சியர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, அந்த ஊரைத் தேடிப் பிடித்துக் கோயில் அர்ச்சகரிடம் போனில் பேசினார். சுவாமிமலையில் வார்த்த புதுச் சோமாஸ்கந்தர்தான் இப்போது அங்கே உலா போகிறாராம். லேபிளில் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தேன், அதில் இதைச் சேர்த்தாகிவிட்டது. போன வாரம்தான் புதுப் பலகையை ஒட்டினோம்.