அப்பாவின் ஹெவி லைசென்ஸ்: இடது கையில் இரண்டு விரல் இல்லை, டாக்டர் ஃபார்ம் 1ஏ-யில் கையெழுத்துப் போட மறுக்கிறார்

அல்சூர் கவிதா:

வணக்கம். அப்பாவுக்கு வயது 52. சொந்த ஊர் சங்ககிரி. பெங்களூரில் பீன்யா பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறார். சென்ற ஆண்டு நெலமங்களா குடோன் ஒன்றில் லோடு இறக்கும்போது லாரியின் பின்கதவு விழுந்து, இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. இரண்டையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. புண் ஆறியபின் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை எடுத்து நிறுத்திப் பழகி, இப்போது ஓசூர், கிருஷ்ணகிரி என்று பக்கத்து லைன் போய்வருகிறார்.

அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கத் தேவையான மெடிக்கல் சான்றான ஃபார்ம் 1ஏ வாங்கப் போன இடத்தில் டாக்டர் கையைப் பார்த்ததுமே, "விரல் இல்லாதவருக்கு ஹெவி கிடையாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையை மடக்கச் சொல்லியோ பிடிக்கச் சொல்லியோ பார்க்கவில்லை. எதுவும் எழுதியும் தரவில்லை. ஆர்.டி.ஓ. வாசலில் ஒரு புரோக்கர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் டாக்டர். இன்னொன்று, மாற்றுத்திறனாளி லைசென்ஸாக மாற்றிக்கொள்வது.

நெட்டில் தேடினால் 24 மாத மெடிக்கல் கார்டு, கை கால் இழந்தவர்களுக்குத் தனிச் சான்று என்றெல்லாம் வருகிறது. எது நமக்கு என்று புரியவில்லை. உண்மையிலேயே இரண்டு விரல் போனால் ஹெவி கிடையாதா? லைசென்ஸ் சங்ககிரியில் எடுத்தது, அங்கேதான் போக வேண்டுமா? அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொம்மசந்திரா தம்பி:

அக்கா, புரோக்கர் சொன்ன முதல் வழியே போங்க. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் வாங்கினார். ஆர்.டி.ஓ.வில் போட்டோ எடுக்கும்போது கையை யார் பார்க்கப் போகிறார்கள்?

யஷ்வந்தபுரம் கணக்குப்பிள்ளை:

கவிதாம்மா, தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். லாரி ஷெட்டில் கணக்கோடு டிரைவர்களின் லைசென்ஸ், பேட்ஜ் காகிதங்களையும் பார்ப்பது என் வேலை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு விரல் இல்லாவிட்டால் ஹெவி கிடையாது என்று ஃபார்ம் 1ஏ-யில் எங்கும் இல்லை. ஃபார்மை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். டாக்டரிடம் அது கேட்பது இதுதான்: ஓட்டுநராக வேலையைத் திறம்படச் செய்யத் தடையாக இருக்கும் குறைபாடோ, உறுப்பு இழப்போ இவருக்கு உண்டா? உண்டு என்றால் காரணங்களை விவரமாக எழுதவும். விரல் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. வேலைக்குத் தடையா என்பதுதான் கேள்வி. அதே ஃபார்மில் கைகள், கால்கள், மூட்டுகளைக் கவனமாகப் பார்த்தேன் என்று டாக்டர் உறுதி சொல்ல வேண்டும். உங்கள் டாக்டர் மடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அவர் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

ஆகவே அப்பாவை முதலில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெயநகர் பக்கம் அரசின் சஞ்சய் காந்தி விபத்து, எலும்பு சிகிச்சை நிலையம் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்தவரே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. "ஃபிட்" என்று ஒரே வார்த்தையில் வாங்காதீர்கள், அது யாரையும் நம்ப வைக்காது. இரண்டு கைகளின் பிடி வலு கருவியில் எத்தனை கிலோ காட்டுகிறது, கட்டைவிரல் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் தொட்டுப் பிடிக்கிறதா, மணிக்கட்டும் முழங்கையும் முழுதாகத் திரும்புகின்றனவா, விரல் எடுத்த இடத்தில் வலியோ மரத்துப்போவதோ உண்டா, இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில், இடது கையால் கியர் மாற்றவும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பவும் முடிகிறது என்றோ முடியவில்லை என்றோ தெளிவாக ஒரு வரி. இந்தக் குறிப்போடு ஃபார்ம் 1ஏ போட அரசு அதிகாரம் கொடுத்த டாக்டரிடம் போங்கள். முன்பு போன அதே டாக்டராகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் காட்டி இரண்டாவது டாக்டரிடம் கேட்பது தவறே இல்லை. ஆளைப் பார்க்காமல் போடும் கையெழுத்து முற்றிலும் வேறு.

ஏன் வேறு என்றால், ஃபார்ம் 1 என்று ஒன்று இருக்கிறது. அது ஓட்டுநர் தன் உடல்நிலையைப் பற்றித் தானே கையெழுத்திட்டுச் சொல்வது. கை அல்லது கால் இழந்தவரா, கை கால் தசை வலுவில் குறை உண்டா, வேறு ஏதாவது குறைபாடு உண்டா என்று அதில் கேட்பார்கள். மறைத்தால் கையெழுத்து அப்பாவுடையது, புரோக்கருடையது இல்லை. பொய் சொல்லி வாங்கிய லைசென்ஸுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவில் ஓட்டத் தடையே விதிக்கலாம். நாளைக்கு ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இந்தத் தாளைத்தான் தோண்டி எடுக்கும்.

மாற்றுத்திறனாளி லைசென்ஸ் பக்கமும் போகவே வேண்டாம். அது அந்த நபருக்காக மாற்றியமைத்த வண்டிக்கு மட்டும் உரியது. பன்னிரண்டு சக்கர லாரியை அதில் ஓட்ட முடியாது. கையிலிருக்கும் ஹெவியும் போய்விடும்.

சங்ககிரிக்குப் போக வேண்டியதில்லை. எந்த ஆர்.டி.ஓ.விலும் புதுப்பிக்கலாம், பெங்களூர் முகவரிச் சான்று இருந்தால் போதும். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே இன்றே தொடங்குங்கள். தேதி தாண்டிவிட்டால் புதியது கைக்கு வரும்வரை வண்டி எடுக்கக் கூடாது. முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆர்.டி.ஓ.வில் மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

கலாசிபாளையம் மணி:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஓட்டுகிறவனாக நான் ஒன்று கேட்கிறேன், தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா ஓட்டும் வண்டியின் கியர் ராடில், கியர் வரிசையை மேலும் கீழுமாக மாற்றும் ஹை-லோ சுவிட்ச் இருக்கிறதா? அதை ஆள்காட்டி விரலால் இழுத்துத்தான் எல்லோருக்கும் பழக்கம். அப்பா இப்போது எதால் இழுக்கிறார்? சமதரையில் முடிகிறது என்பது போதாது. தொப்பூர் இறக்கத்தில் முழு லோடோடு, மழையில், வியர்த்த கையோடு கியரை இறக்க வேண்டும். அங்கே ஒருமுறை கை நழுவினால் முன்னால் போகிறவர்களின் உயிரும் சேர்ந்து போய்விடும். காலி வண்டியில், பக்கத்தில் அனுபவமுள்ள டிரைவர் ஒருவரை உட்கார வைத்து அப்பா தன்னைத் தானே சோதித்துக்கொள்ளட்டும். அவர் மனசுக்குச் சரி என்று பட்டால் எந்த டாக்டர் முன்னாலும் தைரியமாகக் கையை நீட்டலாம்.

படுதா இழுத்துக் கயிறு கட்டுவதை டாக்டர் பார்க்க மாட்டார், ஆனால் இரண்டு விரல் இல்லாதவருக்கு அதுதான் பெரிய கஷ்டம். கிளீனர் இல்லாத வண்டிக்கு அப்பா ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கிருஷ்ணராஜபுரம் வாசகன்:

நெட்டில் பார்த்த 24 மாத கார்டு அமெரிக்க விதி. அங்கே லாரி ஓட்டுநருக்கு மெடிக்கல் சான்று அதிகபட்சம் இரண்டு வருடம் செல்லும். கையிலோ விரலிலோ உள்ள குறை பொருளைப் பிடிப்பதையும் அழுத்திப் பற்றுவதையும் பாதித்தால், வண்டியை ஓட்டிக் காட்டித் தனித் திறன் சான்று வாங்க வேண்டும். அந்தத் தாள்கள் எதுவும் இங்கே செல்லாது. ஆனால் அங்கேயும் பார்ப்பது பிடியைத்தான், விரல் எண்ணிக்கையை இல்லை.

இதோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மச்சானுக்குச் சிவப்பு, பச்சை நிறம் பிரித்துப் பார்ப்பதில் லேசான குறை. ஹெவிக்கு முயலலாமா?

யஷ்வந்தபுரம் கணக்குப்பிள்ளை:

முயலலாம். 2020 ஜூனில் ஃபார்ம் 1, 1ஏ இரண்டையும் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களுக்கு வழி விட்டார்கள். கடுமையான குறைக்கு இன்னும் தடைதான். மின்டோ கண் மருத்துவமனையில் எந்த அளவு என்று எழுதி வாங்கட்டும். ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் என்றால் பக்கப் பார்வை, கண்கூச்சத்திலிருந்து மீளும் நேரம், எதிர்வினை வேகம் மூன்றையும் தனியாகச் சோதிப்பார்கள்.

அல்சூர் கவிதா:

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணா கேட்டதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கட்டைவிரலின் பக்கத்தால் சுவிட்சைத் தள்ளிப் பழகிவிட்டாராம். உங்கள் சொல்படி காலி வண்டியில் தன் நண்பரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். அந்த நண்பரே எனக்குப் போன் செய்து, பயப்படாதே என்றார். எலும்பு டாக்டர் பிடி வலுவை அளந்து விவரமாக எழுதித் தந்தார். இடது கை வலு வலது கையைவிடக் குறைவு, ஆனால் கியருக்கும் ஸ்டியரிங்குக்கும் போதும் என்று இருக்கிறது. அதை வைத்து வேறொரு அதிகாரம் பெற்ற டாக்டர் நிதானமாகச் சோதித்து ஃபார்ம் 1ஏ-யில் கையெழுத்திட்டார். விரல் இழப்பையும் அதிலேயே குறித்திருக்கிறார். லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் ஏற்றிவிட்டோம்.

இன்னொரு கேள்வி. விபத்துக்கு முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் கொடுத்தார். நஷ்டஈடு கேட்டால் அது லைசென்ஸைப் பாதிக்குமா? ஒரு வக்கீல், "இனி ஓட்டவே முடியாது என்று போடுவோம், பெரிய தொகை வரும்" என்கிறார்.

யஷ்வந்தபுரம் கணக்குப்பிள்ளை:

அந்த வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கையெழுத்தில் ஓட்ட முடியும், இன்னொரு கையெழுத்தில் ஓட்ட முடியாது என்றால் இரண்டுமே உடையும். உடல்நிலை பற்றிச் சந்தேகம் வந்தால் நடுவிலேயே புதிய மெடிக்கல் கேட்கவும் லைசென்ஸை ரத்து செய்யவும் மோட்டார் வாகனச் சட்டம் 16-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது.

அவர் சொல்லும் சட்டம் பொய்யில்லை. ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது: இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று வரலாம், ஆனால் அவர் டிரைவராக இருந்து இனி ஓட்டவே முடியாது என்றால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். நிஜமாகவே ஓட்ட முடியாதவருக்கு அது பெரிய துணை. அப்பா ஓட்டுகிறார், அதனால் அது அவருக்குப் பொருந்தாது.

அவருக்கு உரியது பணியாளர் இழப்பீடு. முன்பு இது 1923-ஆம் வருடத்துச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அதன் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம் என்றே எழுதியிருக்கிறது. ஓட்டிக்கொண்டே இதை வாங்கலாம், லைசென்ஸோடு முரணாகாது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 அறிவிப்பின்படி மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள், வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்குவார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மட்டும் இந்த வழி கிடையாது, இ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

முதலாளியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். லாரி இன்சூரன்ஸிலேயே சம்பள டிரைவருக்கான இந்தப் பொறுப்பும் சேர்ந்திருக்கும், அவர் கைப்பணம் போகாது என்று எடுத்துச் சொல்லுங்கள். விபத்து நடந்த அன்று நடப்பில் இருந்த பாலிசியின் நகல், அன்றைய லோடு பில், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, இந்த மூன்றையும் முதலில் கையில் வாங்கிக்கொண்டு பிறகு வக்கீலைப் பாருங்கள்.