வெளிநாட்டுப் பயணத்தில் டேப்லெட்டுக்கு நெட்: தனி சிம்மா, போன் ஹாட்ஸ்பாட்டா?

பெரிய எழுத்து:
வணக்கம். அடுத்த மாதம் தனியாக வெளிநாடு போகிறேன். மூன்று வாரம், மூன்று நாடு, எல்லாம் ரயிலில். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு போனில் எழுத்தைப் படிக்க முடிவதில்லை. வரைபடம், டிக்கெட், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் என் 10 அங்குல டேப்லெட்தான். நடைமேடையில் நின்றபடி பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஓட்டல் வைஃபை மட்டும் போதாது.

போன பயணத்தில் போனிலிருந்த என் சிம்மைக் கழற்றிவிட்டு அந்த ஊர் சிம்மைப் போட்டேன். அன்று மாலையே டிக்கெட்டுக்குப் பணம் கட்டப் போனால் வங்கி ஓடிபி வரவில்லை. பழைய சிம் ஓட்டல் அறையில் பெட்டிக்குள் கிடந்தது. கடைசி ரயில் போய்விட்டது. இரவு முழுக்க நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

என் டேப்பில் சிம் போட முடியுமா என்று எப்படிப் பார்ப்பது? பக்கவாட்டில் ஒரு சின்ன தட்டு இருக்கிறது.

மைனா:
போனின் நெட்டை வைஃபையாக டேப்புக்குப் பகிரும் ஹாட்ஸ்பாட்டே போதும் அம்மா. போனில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் கட்டாயம்.

கம்பியில்லா:
அந்தத் தட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல டேப்களில் அது மெமரி கார்டுக்கானது. செட்டிங்ஸில் சாதனத்தைப் பற்றிய பகுதிக்குப் போய் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே மொபைல் மோடம் உண்டு. இல்லையென்றால் அது வைஃபை டேப், எந்த சிம்மும் வேலை செய்யாது. இஐடி என்ற 32 இலக்க எண்ணும் இருந்தால் இ-சிம் (அட்டை இல்லாமல் நெட் வழியாக இறக்கி நிறுவும் சிம்) ஏற்கும். தட்டே இல்லாத டேப்களும் உண்டு. 2024-இல் வந்த ஐபேட் புரோ செல்லுலார் மாடல் இ-சிம்மை மட்டும்தான் ஏற்கும்.

இன்னொன்று, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தாலும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. ஆண்ட்ராய்டு டேப்களில் பலவற்றில் இருக்கும், உங்கள் மாடலைப் பாருங்கள்.

பெரிய எழுத்து:
பார்த்தேன். ஐஎம்இஐ இல்லை. தட்டு மெமரி கார்டுக்குத்தான். ஆண்ட்ராய்டு டேப், ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் போனில் ஐஎம்இஐ, இஐடி இரண்டும் இருக்கின்றன. அப்படியானால் போனில் என் சிம்மைக் கழற்றாமலே இ-சிம் சேர்க்கலாமா?

கம்பியில்லா:
சேர்க்கலாம், உங்களுக்கு அதுதான் சரி. முதலில் போன் எந்த நெட்வொர்க்குக்கும் லாக் ஆகியிருக்கக் கூடாது. மூன்று நாட்டுக்கும் செல்லுபடியாகும் இ-சிம்மாக வாங்குங்கள், ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று வாங்கும் முன்பே படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் கிடையாது.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். இ-சிம்மை இறக்கவே நெட் வேண்டும், அங்கே இறங்கிய பின் அது இருக்காது. நிறுவியதை அழிக்காதீர்கள். நிறுவுவதற்காகத் தரும் க்யூஆர் கோட் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான்.

அப்புறம் பலர் தடுமாறும் இடம் இது. பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், போகும் நாட்டில் அது ரோமிங்காகத்தான் இயங்கும். ஆகவே அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை இயக்க வேண்டும். உங்கள் பழைய சிம்முக்கு அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில் எகிறும். ஆனால் அந்த சிம்மையே அணைத்துவிடாதீர்கள், ஓடிபி அதில்தான் வரும். வெளிநாட்டு ரோமிங் செயல்பாட்டில் இருக்கிறதா, வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைனா:
ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும் டேப் அதைச் சாதாரண வைஃபை என்று நினைத்துக்கொண்டு ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் ஓட்டும். டேப்பில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’, அதாவது அளவோடு செலவழிக்க வேண்டிய நெட், என்று மாற்றிவிடுங்கள். ரயிலில் வீடியோ பார்க்க வேண்டாம், சாதாரண தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை போகும். வரைபடம், மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் கொஞ்சம்தான் ஆகும்.

பெரிய எழுத்து:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு ஒத்திகை பார்த்தேன். போன் ஹாட்ஸ்பாட்டை டேப் உடனே பிடித்தது, வரைபடம் நான் நிற்கும் தெருவைச் சரியாகக் காட்டியது. டேப்பைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் நெட் இல்லை. யாரும் இணையாமல் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் என்று போனில் ஒரு அமைப்பு இருந்தது, அதை எடுத்துவிட்டேன். நடைமேடையில் இது நடந்திருந்தால் பயந்தே போயிருப்பேன்.

இ-சிம்மும் நிறுவியாகிவிட்டது. எந்த சிம்முக்கு ரோமிங் ஆன், எதற்கு ஆஃப் என்று பெரிய எழுத்தில் தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன்.