முதல் வெடி சரி, மூண்டாவது விலகுது: .308 துவக்குக்கு என்ன செய்யலாம்?

கார்த்திகைப்பூ:
வணக்கம். ஸ்காபரோவில இருக்கிறன். போன வருசம் பழைய, .308 வின்செஸ்டர் ரவை போடுற, கையால போல்ட்டை இழுத்துச் சுடுற போல்ட் ஆக்‌ஷன் துவக்கு ஒண்டு வாங்கினன். வால்நட் சோங்கு (துவக்கைப் பிடிக்கிற, குழலுக்கு அடியிலயும் நீளுற மரம்), மெல்லிய குழல். நவம்பரில பரி சவுண்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போகவேணும். 100 யாரில, மண்மூட்டையில வைச்சுச் சுட்டா முதல் ரவை குறியில விழுது. இரண்டாவது கொஞ்சம் மேல. மூண்டாவது இன்னும் மேல, இடப்பக்கம். மூண்டுக்கும் இடையில மூண்டரை அங்குலம். கடைக்காரர் குழலை மாத்தச் சொல்றார், ஆயிரம் டொலருக்குக் கிட்ட வருமாம். மாத்தவோ?

பழைய வேட்டைக்காரன்:
தம்பி, இப்ப மாத்தாதேங்கோ. குழல் தேய்ஞ்சிருந்தா ரவை கண்டபடி சிதறும். உங்கட துவக்கில குழல் சூடாகச் சூடாக ஒரே பக்கமா ஏறுது. சோங்கு எங்கேயோ குழலைத் தொடுது எண்டுதான் நினைக்கிறன்.

போல்ட்டைக் கழற்றி, அறை வெறுமையா எண்டு விரல் விட்டுப் பாருங்கோ. பிறகு ஒரு ஐஞ்சு டொலர் தாளைக் குழலுக்கும் சோங்குக்கும் நடுவில செருகி, நுனியில இருந்து பின்னுக்கு இழுங்கோ. எங்க நிக்குது எண்டு எழுதுங்கோ. அரத்தாளை இப்ப எடுக்கவேண்டாம். சில துவக்குக்குச் சோங்கு நுனியில குழலைத் தாங்க வேணுமெண்டே ஒரு மேடு விட்டிருப்பினம்.

வடக்குக் காடு:
அதுக்கு முதல் ஸ்கோப்பின்ர (குறிபார்க்கிற தொலைநோக்கி) அடித்தட்டு ஸ்குரூக்களைப் பாருங்கோ. எனக்கு ஒரு முழுச் சீசன் அதால போச்சு, ஒரு ஸ்குரூ கால் சுத்து தளர்ந்திருந்தது. டோர்க் றெஞ்ச் (இறுக்கத்தை அளக்கிற சாவி) இல்லாமல் கைக்கணக்கில இறுக்காதேங்கோ. வளையத்தை அளவுக்கு மிஞ்சி இறுக்கினா ஸ்கோப் குழாய் நசியும்.

கார்த்திகைப்பூ:
ஸ்கோப் இறுக்கமாத்தான் இருக்கு. ஆனா அண்ணை, தாள் சோங்கு நுனியில இருந்து நாலு விரல் தள்ளி நிண்டிட்டுது! கழற்றிப் பார்த்தன். வலப்பக்க அடியில மரம் கறுத்து மினுங்குது. அதே இடத்தில குழலின்ர நீலப்பூச்சும் தேய்ஞ்சு வெள்ளையாக் கிடக்கு. மேடு ஒண்டும் இல்லை.

பழைய வேட்டைக்காரன்:
வலப்பக்க அடியில தள்ளினா ரவை இடப்பக்கம் மேல போகும். கணக்குச் சரி. மரம் ஈரத்துக்கு ஊதியிருக்கு. அப்பிடியும் வெட்ட முதல் ஒரு பரீட்சை செய்யுங்கோ: ஆக்‌ஷன் ஸ்குரூ (துவக்கின்ர இரும்புப் பகுதியைச் சோங்கோட பூட்டுற ஆணி) போற இடத்தில தடித்த மட்டையில வட்டம் வெட்டி அடியில வைச்சு, திரும்ப இறுக்கிச் சுடுங்கோ. குழல் மரத்தை விட்டு எழும்பும். கூட்டம் (ரவைகள் விழுந்த துளைகளுக்கு இடையிலான அகலம்) சுருங்கினா மரம்தான் காரணம். மட்டை நிரந்தரமில்லை, சோதனைக்கு மட்டும்.

கார்த்திகைப்பூ:
சுட்டன். ஒவ்வொரு வெடிக்கும் இடையில ஐஞ்சு நிமிசம் விட்டு ஐஞ்சு ரவை. ஒண்டே முக்கால் அங்குலம்! என்னால நம்பவே முடியேல்லை. இனி மரத்தைச் செதுக்கவோ?

பழைய வேட்டைக்காரன்:
ஓம். உருளைத் தடியில அரத்தாளைச் சுத்தி, கொஞ்சங் கொஞ்சமா. டொலர் தாளை இரண்டா மடிச்சுச் செருகினாலும் தடையில்லாமல் ஓடவேணும். முக்கியம்: வெட்டின பச்சை மரத்துக்கு எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசுங்கோ. விட்டா அடுத்த மழைக்கு ஊதி, பழையபடி தொடும். ட்ரிகரில கை வைக்காதேங்கோ, அது துவக்குத் திருத்துறவரிட்டப் போகட்டும்.

வடக்குக் காடு:
ரவையையும் மாத்திப் பாருங்கோ. 150, 165, 180 கிரெயின் (ரவையின்ர நிறை) ஒவ்வொரு பெட்டி. ஒரே குழல் ஒண்டை விரும்பும், மற்றதைத் துப்பும்.

கார்த்திகைப்பூ:
165 கிரெயினில ஒண்டேகால் அங்குலம். 150ஐ விட எவ்வளவோ நல்லம். குழலுக்கு வைச்ச காசில ஆறு பெட்டி வாங்கிட்டன்.

பழைய வேட்டைக்காரன்:
நல்லது தம்பி. இனி கூட்டத்தை விட்டிட்டு, வேற வேற நாளில, விடியக் குளிரில ஒரே ஒரு வெடி வைச்சு அதே கடதாசியில அடையாளம் போடுங்கோ. மானுக்குப் போறது அந்தக் குளிர்ந்த குழலின்ர முதல் ரவைதான்.

கார்த்திகைப்பூ:
சனிக்கிழமை விடியத் தொடங்கிறன் அண்ணை. கடதாசியைப் படம் எடுத்துப் போடுறன்.