தேர்தல் செலவுக் கணக்கு: மலையகத்தில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

நோர்வூட் கண்காணிப்பாளர்

2025 மே 6 இலங்கை உள்ளூராட்சித் தேர்தலின்போது மலையகத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள நோர்வூட், மஸ்கெலியா பக்கம் கண்காணிப்புத் தொண்டராகத் திரிந்தேன். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர்கள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவருக்கும் விலக்கில்லை. கட்டணம் கட்டினால் பொதுமக்கள் யாரும் அந்த அறிக்கையைப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

நான் போய்ப் பார்த்தேன். ஒருவருடைய அறிக்கையில் வாகனச் செலவு என்று ஒரே ஒரு ஆட்டோ, அதற்கு நான்கு பெற்றோல் பில். அவருடைய கூட்டத்துக்குத் தோட்டம் தோட்டமாக லொறியில் ஆள் ஏற்றியதை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால், "அது ஆதரவாளர்கள் தாங்களாகவே வந்தது தம்பி" என்கிறார். கோயிலுக்குக் கொடுத்த ஸ்பீக்கர் செட், லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) இறக்கிய தகரம் எல்லாம் வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தியதாம், கணக்கில் வராதாம். கூட்டினால் கணக்கு சரியாகத்தான் வரும், அதில் குறை சொல்ல முடியாது!

பொகவந்தலாவை தங்கச்சி

அண்ணன், நீங்கள் சொல்பவர் அறிக்கையாவது கொடுத்தார். எங்கள் சித்தி கதை வேறு. வேட்பாளர் பட்டியலில் பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதிக்காக, "பேரை மட்டும் குடுங்க அக்கா, ஒரு வேலையும் இல்லை" என்று தோட்டத் தலைவர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சித்தி ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை. தேர்தல் முடிந்து பல நாள் கழித்து பொலிஸில் இருந்து அழைப்பு. செலவு செய்யாதவரும் செலவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை யார் சொன்னார்கள்? கையெழுத்து வாங்கியவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சித்தி கொழுந்து பறிக்கும் மலையில் இருக்கும்போதுதான் அழைப்பு வந்திருக்கிறது. மேலே இருந்து காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் வரைக்கும் செய்தி பரவி, சித்தி களவு செய்தது போல ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள் பேரை (நாட்கூலியை) விட்டுவிட்டு, ஹட்டன் போய் பஸ் மாறி நுவரெலியா கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்லவர், தமிழில் பொறுமையாகப் பேசினார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா" என்றார். சரிதான். ஆனால் லொறிக்காரரை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லையே.

பழைய கச்சேரிக்காரன்

மகள், அந்த உத்தியோகத்தர் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். அறிக்கை வந்ததா, தேதி சரியா என்பதை மேசையில் இருந்தபடியே பார்த்துவிடலாம். உள்ளே எழுதிய தொகை உண்மையா என்று பார்க்க அவரிடம் ஆளும் இல்லை, போய்ச் சோதிக்கும் வேலையும் அவருடையதல்ல. முறைப்பாடு பொலிஸுக்குப் போய், சட்டமா அதிபரின் ஆலோசனை வந்து, பிறகுதான் நீதவான் நீதிமன்றம். அதனால் வலையில் முதலில் விழுவது உங்கள் சித்தி மாதிரி ஆட்கள்தான்.

இருந்தாலும் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். காலக்கெடு முடிந்த பிறகு ஒரு பெரிய புள்ளியின் செயலாளர் கோப்போடு வந்தார். உட்காருவதற்கு முன்பே மேலிடத்தில் இருந்து போன். "நேற்றுத் தேதி முத்திரை குத்தினால் போதும் சேர்" என்றார் செயலாளர். எங்கள் மேலதிகாரி கோப்பை வாங்கி, அன்றைய தேதியையே குத்தி, நேரத்தையும் பக்கத்தில் எழுதி, புத்தகத்தில் அந்தச் செயலாளரிடமே கையெழுத்து வாங்கினார். அடுத்து நின்றவர் ஒரு சுயேச்சைக்குழுப் பையன். அவனுக்கும் அதே முத்திரை, அதே தேதி. இரண்டு பேர் விபரமும் ஒரே பட்டியலில் போனது. வழக்கு என்னவானது என்று பார்க்க நான் அங்கே இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஹட்டன் அச்சகம்

எங்களிடம் யாரும் கேட்பதில்லையே என்றுதான் எழுதுகிறேன். துண்டுப்பிரசுரத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆக, எந்தத் தாளை எங்கே அடித்தார்கள் என்பது ஒளிவு மறைவான விஷயமில்லை. பணம் கட்ட வரும்போதுதான் கூத்து. "அண்ணன், பில்லைப் பாதிக்கு எழுதுங்க, மீதியை நன்கொடை என்று வைத்துக்கொள்ளுங்க." நான் மாட்டேன் என்றேன். நான் கொடுத்தால் அதுவும் அறிக்கையில் வர வேண்டும், கொடுத்தவர் பெயரோடு. பெயர் தெரியாதவரிடம் பணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. அடுத்த தடவை ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

நோர்வூட் தம்பி, உங்கள் லொறிப் படங்களில் நம்பர் பிளேட் தெரிகிறதா? தெரிந்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நோர்வூட் கண்காணிப்பாளர்

இரண்டில் தெரிகிறது அண்ணன். மூன்றாவதில் கொடி மறைத்துவிட்டது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். தங்கச்சி, சித்தியிடம் கையெழுத்து வாங்கியவர் பெயரையும் எழுதித் தாருங்கள், சேர்த்தே கொடுப்போம்.