ஊதக் கற்றுக்கொடுத்தவர்கள்: பல்கலைக்கழக நாகசுர, குழல் ஆசிரியர்களோடு நம் அனுபவங்கள்

பல்கலைக்கழக இசைத்துறையில் துளைக்கருவி படித்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதுங்களேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் படித்தது நாகசுரம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரைத் துறையில் மற்றவர்கள் "சார்" என்பார்கள். நாங்கள் மட்டும் வாத்தியாரய்யா என்போம். ஏழு வயதில் ஒத்து ஊத உட்கார்ந்தவர் அவர். ஒத்து இப்போது பலருக்குத் தெரியாது. சுருதிப்பெட்டி வருவதற்கு முன்னால், விரல்துளையே இல்லாத ஒரு குழலை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அதுதான் நாகசுரத்துக்குச் சுருதி. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளுகிறபோதே மூக்கால் அடுத்த மூச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க நடக்கும் சுவாமி புறப்பாட்டில் அப்படி ஊதி வளர்ந்தவர், காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டோடு வகுப்புக்குள் வருவார்.

முதல் நாள், தாத்தாவின் நாகசுரத்தை உறையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். நீளமான மரக்குழலான உலவைத் தடவினார், அடியில் விரிந்திருக்கும் அணசைத் திருகிப் பார்த்தார். "நல்ல ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டைதானே?" என்றார். நாகசுரம் செய்வதற்குப் பேர்போன ஊர் அது. அப்புறம் வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டான சீவாளியை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வாத்தியத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "மூணு மாசம் அது தூங்கட்டும். நீ இதை ஊது."

மூன்று மாதமும் சீவாளிதான். அவர் ஒரு சீவாளியைச் சரிபண்ணுகிற விதத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. முதலில் வாயில் வைத்து எச்சிலில் ஊறவிடுவார். பேசிக்கொண்டே இருப்பார், சீவாளி ஒரு பக்கக் கன்னத்தில் கிடக்கும். பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு இதழுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பார். அகலமாக இருந்தால் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அமுக்குவார். ஒட்டிக்கொண்டிருந்தால் ஊசியை உள்ளே விட்டு ஒரு மயிரிழை திறப்பார். மறுபடி வாயில். ஒரு ஊதல். தலையை ஆட்டுவார், மறுபடி எடுப்பார். காய்ந்திருந்தால் நாதம் வராது, அதிகம் ஊறினால் கொழகொழத்துவிடும். இதற்கே பத்து நிமிடம் போகும். எங்களுக்கு ஒதுக்கியது ஐம்பது நிமிடப் பாடவேளை. அந்த அட்டவணையைப் போட்டவர்கள் ஒருநாள் கூடச் சீவாளியைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு.

வயலின் சொல்லிக்கொடுக்கிறவர் வில்லைக் காட்டலாம், வீணைக்காரர் விரலைக் காட்டலாம். எங்களுக்கு முக்கால்வாசிப் பாடம் வாய்க்குள்ளே நடக்கிறது. அதை எப்படிக் காட்டுவது? நாக்கால் காற்றை வெட்டி வெட்டி ஊதுகிற துத்துகாரம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் அவர் நாகசுரத்தைக் கீழே வைத்துவிட்டு, "கையை நீட்டு" என்றார். என் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஒரு வர்ணத்தின் பல்லவியை வெறும் காற்றாக ஊதினார். அகாரத்தில் ஊதியபோது கையில் ஒரே நூலாகக் காற்று இழைந்தது. அதையே துத்துகாரத்தில் ஊதியபோது கொத்துமல்லி விதையை வீசினாற்போல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அந்த நிமிடம் நாக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிட்டது. தன்னகாரம் என்ற இன்னொரு ஊதல் முறைக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் ஆனது.

இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்பைக் கட்டடத்திலிருந்து வெளியே மாற்றினார்கள். பக்கத்து அறையில் வீணை வகுப்பு, தொந்தரவாக இருக்கிறதாம். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு நாவல் மரத்தடி கிடைத்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே போனபிறகு அவர் கற்பிக்கும் முறையே மாறிவிட்டது. என்னை மரத்தடியில் உட்காரவைத்து ஊதச் சொல்லிவிட்டு எழுந்து நடப்பார். நூறடி, இருநூறடி தள்ளிப்போய்ச் சுற்றுச்சுவர் ஓரம் நின்று கேட்பார். சுருதி இறங்கினால் அங்கிருந்தே கையை மேலே தூக்குவார். சுரத்தை அசைக்கும் கமகம் சரியாக விழுந்தால் கையைக் கட்டிக்கொள்வார். கிட்டத்தில் எடுப்பாகக் கேட்ட காந்தார சுரம் சுவர்வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீதியிலும் பிராகாரத்திலும் வளர்ந்த வாத்தியத்தை நான்கு சுவருக்குள் வைத்துச் சரியாகக் கேட்க முடியாது. அவர் கட்டிய கையைப் பார்ப்பதற்காகவே நான் சாதகம் செய்த நாட்கள் உண்டு.

*

மேலே எழுதியவர் உள்ளங்கையைச் சொன்னார். எனக்குக் கண்ணாடி.

நான் புல்லாங்குழல், முதுகலை. சேர்ந்த புதிதில் ஒரு வாரம் வெறும் காற்றுதான் வந்தது. தலை சுற்றும், கண் இருட்டும். பேராசிரியை அம்மா தன் கைப்பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடி ஒன்றை எடுத்து என் உதட்டுக்குக் கீழே பிடித்தார்கள். "இதுல ஊது" என்றார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. "பாத்தியா, எவ்வளவு காத்தை வீணாக்குற?" பிறகு அவர்கள் ஊதிக் காட்டினார்கள். அரிசி மணியளவு ஒரு திட்டு, அதுவும் ஒரே இடத்தில். உதட்டைக் குவிக்கச் சொல்லவில்லை, இறுக்கச் சொல்லவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. அந்தத் திட்டைச் சின்னதாக்கு என்றார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் ஷட்ஜம் நின்றது. தலைசுற்றலும் போய்விட்டது.

அவர்கள் எந்தக் கீர்த்தனையையும் பாடாமல் ஊதவிட மாட்டார்கள். சாகித்தியத்தை மனப்பாடமாகப் பாடிக் காட்ட வேண்டும். எந்த எழுத்தில் நாக்கு தொட வேண்டும், எங்கே மூச்சு வாங்கினால் சொல் உடையாது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். "குழல் ஊதினா கேக்கறவங்க காதுல வார்த்தை விழணும்" என்பார்கள். இதற்கு அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வது டி. விசுவநாதனை. வீணை தனம்மாளின் பேரன், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்றவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து 2002இல் மறைந்தார். கச்சேரி நடுவே குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடுவார், பிறகு மறுபடி குழலுக்குப் போவார். அவருடைய பதிவுகளைக் கேட்கவைத்து, குரல் எங்கே நின்றது, குழல் எங்கே எடுத்தது என்று எங்களைக் கேள்வி கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஒட்டு தெரியாத இடங்கள் உண்டு.

இன்னொன்றையும் எழுதியே ஆகவேண்டும். பெண்பிள்ளை குழல் ஊதினால் வயிறு கெட்டுவிடும், நெஞ்சு பலவீனமாகும் என்று என் வீட்டில் ஒரே பேச்சு. அம்மாவும் பெரியம்மாவும் துறைக்கே வந்துவிட்டார்கள். பேராசிரியை அம்மா அவர்களை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா. ஏழாம் மாசம் வரைக்கும் கச்சேரி பண்ணிருக்கேன்" என்றார்கள். மதுரை பொன்னுத்தாய் நாகசுரமே வாசித்ததைச் சொன்னார்கள். எட்டு விரல்துளை உள்ள இந்த மூங்கில் குழலுக்கு எவ்வளவு குறைந்த காற்று போதும் என்பதை அந்தக் கண்ணாடியிலேயே ஊதிக் காட்டினார்கள். பெரியம்மா கண்ணாடியை வாங்கித் தானும் ஒருமுறை ஊதிப் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

*

நான் வீணை படித்தவள். முதலில் எழுதியவரின் துறையில் இல்லை, வேறு ஊர். ஆனால் எங்கள் துறையிலும் இதே கதை நடந்தது. புகார் எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. தந்தியின் கார்வை காதில் விழவே இல்லை என்பது உண்மைதான். நாகசுர வகுப்பு போனபிறகு அறை அமைதியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தோடி ராகத்தில் காந்தாரம் அசைக்கிறபோது எங்கள் ஆசிரியர், "பக்கத்து ரூம்ல பிள்ளைவாள் பிடிப்பாரே, அதை நினைச்சுக்கோ" என்றார். நினைத்துப் பார்த்தேன், அப்படியே ஞாபகம் இருந்தது. மூன்று பருவம் சுவர் வழியாகக் கேட்டதில் என்னையறியாமல் படிந்த பாடம் அது. அந்த நாகசுர ஆசிரியரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

*

நான் இப்போது கௌரவ விரிவுரையாளராக நாகசுரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

என் வகுப்பில் இந்த ஆண்டு ஆறு பேர். நாலு பேர் திமிரியோடு வந்தார்கள், அது சுருதி கூடின குட்டை நாகசுரம். ஊர்க்கோயிலில் அதுதான் வாசிக்கிறார்கள், சுருதி அளவில் நாலு கட்டை, அதற்கும் மேலே. பாடத்திட்டம் சுருதி குறைந்த நீள நாகசுரமான பாரியைக் கேட்கிறது, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளை பாரியை எடுத்த பிறகு கச்சேரி மேடை முழுக்க அதன் பக்கம் வந்துவிட்டது. பையன்களுக்கு நீளமான உலவு, துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், விரல் எட்டாது. புதிதாக ஒன்று வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. என் பழைய பாரி ஒன்றை வகுப்பிலேயே வைத்திருக்கிறேன், முறை போட்டு ஊதுகிறார்கள். ஆளாளுக்குச் சீவாளி மட்டும் தனி.

முகூர்த்த மாதங்களில் வகுப்பு காலியாக இருக்கும். தையிலும் ஆவணியிலும் வருகை குறைகிறது என்று என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். அந்தப் பையன்கள் கல்யாணத்தில் வாசித்துத்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். நான் செய்வது ஒன்றுதான்: எனக்கு முகூர்த்தம் இருந்தால் இரண்டு பேரைக் கூடவே அழைத்துக்கொண்டு போகிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்துக்குத் தவில்காரரோடு சேர்ந்து சட்டென்று எடுக்க வேண்டும், தோடியை நடுவில் விட்டுவிட்டு. அந்த அரை நொடியை எந்த வகுப்பறையிலும் என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. போன வாரம் ஒரு பையன் என் முகத்தைப் பார்க்காமலே சரியாக எடுத்தான். ஊரிலிருந்து திரும்பும் பேருந்தில் அவனுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். சீவாளியை வாயில் போட்டபடியே தூங்கிவிட்டான்.