'மிர்' விட்டுப்போனால் பேய் நீங்கள்தான்: ஜெர்மனில் கிலியைச் சொல்வது எப்படி?

பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்ததும் "இஹ் பின் உன்ஹைம்லிஹ்" என்று சொல்லிவிடாதீர்கள். 'என்னைப் பார்த்தாலே கிலி பிடிக்கும்' என்று அர்த்தமாகிவிடும். "மிர் இஸ்ட் உன்ஹைம்லிஹ்" என்பதே சரி. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. தமிழில் நினைத்தால் சுலபம்: 'எனக்கு ஒரு மாதிரி இருக்கு' என்பதில் 'எனக்கு' வரும் இடம்தான் 'மிர்'. விமானம் கிளம்பும்போது, பரீட்சைக்கு முன்னால் வயிற்றைப் பிசைந்தால் "மிர் இஸ்ட் முல்மிஹ்". அதற்குப் பேய் தேவையில்லை. விஷயத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் "தாஸ் இஸ்ட் மிர் நிஹ்ட் கெஹொயர்". இதில் 'நிஹ்ட்' கட்டாயம். 'கெஹொயர்' இன்று தனியாக நடமாடுவதில்லை.

—

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. பெயரடைக்கு முன்னால் வந்தால் உன்ஹைம்லிஹ் வெறும் 'ரொம்ப'. நாம் 'பயங்கர டேஸ்ட்' என்கிறோமே, அதே கதை. 'ஐன் உன்ஹைம்லிஹ் ஆல்ட்டர் மான்' என்றால் தொண்டு கிழவர். 'ஐன் உன்ஹைம்லிஹர் ஆல்ட்டர் மான்' என்றால் இருட்டில் எதிர்ப்படக் கூடாத கிழவர். அந்த 'அர்' விகுதியைப் பேச்சில் விழுங்கிவிட்டால் அவ்வளவுதான்.

க்ரூஸலிஹ், க்ரௌஸிஹ், க்ரௌஸாம் மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ரசித்துப் பயப்படும் பேய்க்கதை க்ரூஸலிஹ். சிதைந்த பிணம் கிடக்கும் இடம் க்ரௌஸிஹ். அதைச் செய்த ஆள் க்ரௌஸாம். பேய்ப்படத்தை க்ரௌஸாம் என்றால் கொடூரமான படம், அல்லது படுமோசமான படம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வினையாக 'மிர் க்ரூஸல்ட்', 'மிஹ் க்ரூஸல்ட்' ('மிஹ்' என்றால் 'என்னை') இரண்டும் செல்லும். க்ரிம் சகோதரர்களின் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பின் 4ஆம் கதையில், பயமே தெரியாத பையன் பேய்க்கோட்டையில் 3 இரவு தங்கியும் அசரமாட்டான். கடைசியில் தூங்கும்போது மனைவி ஒரு வாளி குளிர்ந்த நீரைச் சின்ன மீன்களோடு மேலே கொட்டியதும்தான் 'க்ரூஸல்ட் மிர்' என்று அலறுவான். சொல்லில் உடல் சிலிர்ப்பும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

—

'கைஸ்டர்' (ஆவி) ஒட்டிய கூட்டுச்சொற்களை நம்பி ஏமாறாதீர்கள். கைஸ்டர்ஷ்பீல் என்பது பார்வையாளர் இல்லாமல் நடக்கும் விளையாட்டுப் போட்டி. கைஸ்டர்பான்ஹோஃப் என்பது, பெர்லின் 1961 முதல் 1989 வரை சுவரால் பிரிந்திருந்தபோது, மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்கு பெர்லினின் அடியில் நிற்காமல் கடந்த நிலையம். கைஸ்டர்ஃபாரர் மட்டும் உண்மையிலேயே பயப்பட வேண்டியவர்: நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுபவர். வானொலியில் 'ஃபால்ஷ்ஃபாரர்' என்றும் சொல்வார்கள். கேட்டதும் வேகத்தைக் குறைத்து வலது ஓரமாகப் போங்கள், யாரையும் முந்தாதீர்கள்.