எஸ்டீம் 16 வால்வு: ஹெட்டு வேலையா, பெரிய கேமா? ஏற்காடு மலைக்கு எது செட் ஆகும்?

குரும்பப்பட்டி_16:
வணக்கம் மக்களே. நம்ம வண்டி 2002 மாருதி எஸ்டீம் கார், 1298 சிசி, 16 வால்வு. அப்பா வாங்குனது, விக்க மனசு வரல. காலைல ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை, ஆயில் உள்ள எறங்காம தடுக்கற வால்வு சீல் போயிருச்சுன்னு ஹெட்ட (வால்வெல்லாம் இருக்கற இன்ஜின் மேல்பாகம்) கழட்டி செவ்வாய்பேட்டை பக்கம் ஒரு லேத்துல குடுத்திருக்கேன். கழட்டுனதுதான் கழட்டியாச்சு, இதோட கொஞ்சம் பவரும் ஏத்திரலாம்னு ஒரு ஆசை. கோயமுத்தூர்ல ஒருத்தர் ட்ராக்ல ஓட்டுன ஹெட்டு ஒன்னு வச்சிருக்கார், இன்டேக் போர்ட்ட (காத்து உள்ள வர்ற வழி) நல்லா பெருசாக்கி கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டது, கூட ஒரு ரீகிரைண்ட் கேம் (வால்வ தெறந்து மூடற தண்டு, மறுபடி செதுக்குனது), 288 டிகிரிங்கறார், லிஃப்ட், அதாவது வால்வு எவ்ளோ தெறக்கும்னு கேட்டா "பெருசு தம்பி"ன்னு சிரிக்கிறார். ரெண்டும் சேத்து 45 ஆயிரம். தெனமும் அஸ்தம்பட்டி டூ சூரமங்கலம், ஞாயித்துக்கிழம விடியக்காலைல ஏற்காடு, இதான் நம்ம ஓட்டம். 20 கொண்டை ஊசியும் ஃபர்ஸ்ட் போடாம செகண்ட்லயே ஏறணும். வாங்கலாமா?

லேத்துக்கணக்கு:
தம்பி அட்வான்ஸ் எதுவும் குடுத்துராதீங்க. நீங்க கேக்கறதும் அவர் விக்கிறதும் வேற வேற சாமான். கொண்டை ஊசில 20, 25 கிமீ வேகத்துல செகண்ட் கியர்ல இன்ஜின் எவ்ளோ சுத்தும்? 2000 ஆர்பிஎம் இருந்தா அதிகம். உங்களுக்கு இழுவை வேணுங்கறது அங்கதான். ட்ராக் கேமு 5000க்கு மேலதான் முழிக்கும்.

ஏன்னா டியூரேஷன் நீளமான, அதாவது வால்வ ரொம்ப நேரம் தெறந்து வைக்கற கேம்ல இன்டேக் வால்வு லேட்டா மூடும். பிஸ்டன் மேல வர ஆரம்பிச்ச பெறகும் வால்வு தெறந்தே கெடக்கும். 6000ல காத்து வர்ற வேகத்துக்கு அது பாட்டுக்கு உள்ள நெரிச்சுக்கிட்டு ரொம்பும், அங்க லாபம். 2000ல காத்துக்கு அந்த வேகம் ஏது, உள்ள வந்ததயே பிஸ்டன் திருப்பி போர்ட்டுக்குள்ள தள்ளி விட்ரும். போர்ட்டும் அதே கததான், வாய்க்கால அகலமா வெட்டிட்டு அதே தண்ணிய விட்டா மெதுவாத்தான ஓடும். அதுல மேல போகப் போக காத்தே கொறையுது, ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம், டர்போ இல்லாத இன்ஜினுக்கு சேலத்துல இருக்கற பவர்ல 10, 12 பர்சன்ட் மலையே புடுங்கிக்கும். இருக்கற காத்த ஒழுங்கா அடைக்கிறதுதான் நம்ம வேல.

அப்புறம் அந்த 288 டிகிரி டியூரேஷன். எங்க இருந்து அளந்ததுன்னு கேளுங்க. வால்வு லேசா அசையறதுல இருந்து அளந்தா ஒரு கணக்கு, 1 மில்லிமீட்டர் தெறந்த பெறகு அளந்தா வேற கணக்கு, நம்பர் ஒன்னா இருந்தாலும் கேமு ஒன்னா இருக்காது. லிஃப்ட்டு, லோப் சென்டர் (வால்வு முழுசா தெறக்கற எடம்) ரெண்டும் சொல்லத் தெரியாதவர்கிட்ட கேம் வாங்காதீங்க, அவ்ளோதான்.

என் காசா இருந்தா ஒரிஜினல் ஹெட்டு, ஒரிஜினல் கேமு. வால்வு கைடு (வால்வு தண்டு ஓடற குழாய்) லூசா இருக்கான்னு பாத்து மாத்திட்டு சீட்ட (வால்வு ஒக்கார்ற வளையம்) 30-45-60னு மூணு ஆங்கிள்ல வெட்டச் சொல்லுவேன். சீட்டுக்கு கீழ குடுவை மாதிரி இருக்கற எடத்துல காஸ்டிங் விளிம்பு துருத்திட்டு இருக்கும், அத மட்டும் வழிச்சு விட்டா போதும், பாதி ஆதாயம் அங்கயே இருக்கு. இன்டேக்ல பாலிஷ் வேணாம், லேசா சொரசொரப்பா இருக்கறது தப்பே இல்ல, பளபளன்னு தேய்க்கிறதெல்லாம் கஸ்டமர் போட்டோ புடிக்க.

ஃபேஸிங் போடறப்ப, அதாவது ஹெட்டோட அடிப்பக்கத்த சமமா செதுக்கறப்ப, 0.5 மில்லி எடுத்தா கம்ப்ரஷன் (காத்த எத்தன மடங்கு அமுக்குதுங்கற கணக்கு) அரை பாயின்ட் கிட்ட ஏறும். சிலிண்டருக்கு 325 சிசி, 9.5னு வச்சா மேல மிச்சம் 38 சிசி, அதுல ரெண்டு சிசி கொறஞ்சா 10 கிட்ட வந்துரும். இழுவைக்கு இது நேரடியா உதவும். ஆனா ஹெட்டு கீழ எறங்குனா பெல்ட்டு கணக்குல கேம் டைமிங்கும் ஒரு டிகிரி பின்னாடி போகும், அதனால வெர்னியர் புல்லி (கேம் டைமிங்க முன்ன பின்ன நகத்த முடியற புல்லி) கெடச்சா போட்டுக்குங்க. ரெண்டு மூணு டிகிரி முன்னாடி தள்ளிப் பாருங்க, கீழ் ஆர்பிஎம்ல வித்தியாசம் தெரியும்.

ஐந்து_ரோடு_பையன்:
அண்ணன் சொல்றது சரிதான் ஆனா எல்லாத்தயும் கணக்கா பாத்தா வண்டி ஓட்ற ஜாலி எங்க 😀 நான் என் மாருதி ஜென்ல பெரிய கேம் போட்டேன், சிக்னல்ல நிக்கும்போது டுக்கு டுக்குனு அந்த ஐட்லிங் சத்தத்துக்கே காசு சரியாப் போச்சு. ஓமலூர் ரோட்ல 4500 தாண்டுனா பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருக்கும். ஆனா சிட்டில மைலேஜ் 16ல இருந்து 11, அத கேக்காதீங்க.

மலைக்காப்பி:
ஐட்லிங் சத்தத்த பத்தி சொன்னீங்க, நான் எறக்கத்த பத்தி சொல்றேன். நானும் ஒரு காலத்துல பெரிய கேம்தான். சேர்வராயன் கோயில் போயிட்டு எறங்கறோம், பின் சீட்ல அம்மாவும் தங்கச்சியும். பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு கிளட்ச்ச அமுக்கி உருள விட்டேன், 14வது வளைவுகிட்ட ரெண்டு மூணு தடவ பிரேக் மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு. ஹேண்ட் பிரேக்க இழுத்து, செகண்ட்ல போட்டு, எப்படியோ ஓரமா நிப்பாட்டுனேன். பெடல லேசாக்கற பிரேக் பூஸ்டருக்கு இன்டேக்ல இருந்துதான வேக்கம் (உறிஞ்சற இழுப்பு) வரணும், ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் ஒண்ணா தெறந்திருக்கற நேரம்) அதிகமான கேம்ல ஐட்லிங்ல அந்த வேக்கமே பத்தாது. கியர்ல எறங்கியிருந்தா வந்திருக்காது, தப்பு என்னுதும்தான். ஆனா அன்னிக்கு அம்மா திட்டுன திட்டு இருக்கே... அடுத்த வாரமே பழைய கேம மாட்டிட்டேன்.

இன்னொன்னு, மேப் சென்சார (இன்டேக் அழுத்தத்த அளக்கறது) வச்சு ஓடற இன்ஜின்ல வேக்கம் மாறுனா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) லோடு அதிகம்னு நெனச்சு பெட்ரோல ஊத்தும். கேம் போட்டா ட்யூனிங்குக்கும் தனியா எடுத்து வைங்க.

லேத்துக்கணக்கு:
பிரேக் விசயத்த நான் சொல்லாம விட்டுட்டேன், சரியா சொன்னீங்க. ஐந்து ரோடு தம்பி, ஜென்ல கேம் மாட்டறப்ப வால்வு பிஸ்டன்ல இடிக்குதான்னு களிமண் வச்சு பாத்தீங்களா? பிஸ்டன் மேல களிமண் ஒட்டி, கையால ரெண்டு சுத்து சுத்தி, பிரிச்சு அளக்கணும். இன்டேக் பக்கம் 2 மில்லி, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லியாவது கேப் வேணும். வால்வு ஸ்பிரிங்கு முழுசா அமுங்கி முட்டுதான்னும் பாக்கணும்.

ஐந்து_ரோடு_பையன்:
மெக்கானிக் பாத்திருப்பார்னு நெனைக்கிறேன்ணே 🙈

லேத்துக்கணக்கு:
வண்டிய எடுக்காதீங்க, மொதல்ல அவர்கிட்ட கேளுங்க.

குரும்பப்பட்டி_16:
எல்லாருக்கும் நன்றி. நேத்து பக்கத்து வீட்டு அண்ணன் வண்டிய வாங்கிட்டு, அதும் எஸ்டீம்தான், மேல போய் டாக்கோமீட்டரயே பாத்துட்டு வந்தேன். வளைவுல 1800, 2000. நடுவுல நேர் ரோட்ல 3500 கிட்ட. மேல போற வரைக்கும் 5000ஐ முள்ளு ஒரு தடவ கூட தொடல. கோயமுத்தூர்காரர்கிட்ட வேணாம்னுட்டேன், "உனக்கு வேகம் புடிக்காது போல"ங்கறார். லேத்துல மூணு ஆங்கிள் சொல்லியாச்சு, ஃபேஸிங் 0.3 போதும்னுட்டார், ஹெட்டு ஏற்கனவே ஒரு தடவ போட்ருக்காம். பத்தாயிரத்துக்குள்ள முடியும் போல. வெர்னியர் புல்லி யார்கிட்டயாவது சும்மா கெடக்குதா?

மலைக்காப்பி:
அந்தப் பெரிய கேமோட சேந்து என்கிட்ட ஒன்னு தூங்குது. புல்லிய மட்டும் தரேன், கேம கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழம ஒண்டிக்கடை ரவுண்டானாகிட்ட வாங்க, காப்பி உங்க செலவு.